கோணல் குழாய்க்குள் ஒரு வட்டம்

விசிறிக்கும் குழாய்க்கும் நடுவே ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி. இதைக் குறைப்பதற்கா மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்தாய் என்று வீட்டில் கேட்கிறார்கள். ஆம், இதற்காகத்தான்.

குழாய்க்குள் சுழன்று காற்றைத் தள்ளும் என் விசிறியின் விட்டம் 67 மி.மீ.; மின்மோட்டாரில் சுழலும் பிளாஸ்டிக் விசிறி. கூடு, மஞ்சக்குப்பத்தில் வாங்கிய பி.வி.சி. குழாய்த் துண்டு. உள்விட்டம் 70. இறக்கையின் நீளம் 19 மி.மீ. என்பதால் இடைவெளி அதில் எட்டு சதவீதம்! ஜெட் என்ஜின் டர்பைனில் (சூடான வாயு சுழற்றும் இறக்கைச் சக்கரம்) இது ஒரு சதவீதம் கூடினாலே திறன் ஏறக்குறைய ஒன்று முதல் இரண்டு சதவீதம் விழும். நுனியைத் தாண்டும் காற்று வீணாவதோடு நிற்பதில்லை. அழுத்தம் மிகுந்த பக்கத்திலிருந்து மறுபக்கம் பாய்ந்து, சுழலாகச் சுருண்டு, ஒழுங்காக வரும் ஓட்டத்தையும் கலைத்துவிடுகிறது.

சமையலறைத் தராசின்மேல் நிறுத்தி ஓட்டினேன். உந்துவிசை 1,020 கிராம்.

முதலில் உள்ளே காகித நாடா சுற்றினேன். ஓரம் கிளம்பி இறக்கையில் சிக்கியது; ஒரு நுனி போயிற்று. (ஒட்டுப்பலகைத் தடுப்புக்குப் பின்னால் நின்றிருந்தேன்.) குழாயை லேத் பட்டறைக்கு எடுத்துப்போனேன். "தம்பி, இது வட்டமே இல்லையே" என்று சிரித்தார் அண்ணன். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்த்தால் ஒரு பக்கம் 1.1; அதற்கு நேரெதிரே அல்ல, கால்வட்டம் தள்ளி 1.9. அதாவது குழாய் நீள்வட்டம்.

பெரிய என்ஜின்களில் இறக்கை நுனிக்கு எதிரே, உரசினால் தானே தேய்ந்து கொடுக்கும் பூச்சு இருக்கும். அதையே செய்யலாம் என்று சுவர்ப் பட்டி பூசினேன். தவறு என்னுடையது: பட்டி காய்ந்து கல்லாகிவிட, தேய்ந்தது இறக்கை. உந்துவிசை 990. புது விசிறி வாங்க வேண்டியதாயிற்று.

மூன்றாவது ஞாயிறு, மெழுகுவர்த்தியை உருக்கி முகப்பவுடர் கலந்து தடவினேன். விசிறியைக் கையால் மெல்லச் சுற்றினேன், பிறகு குறைந்த வேகத்தில் மோட்டார். வெள்ளைத் துகள்கள் பறந்தன. நின்ற பிறகு பார்த்தால், கோணல் குழாய்க்குள் விசிறி தனக்கென்று அசல் வட்டம் வெட்டிக்கொண்டிருந்தது. இடைவெளி சுற்றிலும் 0.3. தராசு 1,150 காட்டியது. விசிறியின் சீறல் ஒலியும் பெருமளவு அடங்கிவிட்டது.

உண்மையான டர்பைனில் இந்த 0.3 எவ்வளவு அற்பம் என்று கணக்குப் போட்டேன். 50 மி.மீ. ஆரமுள்ள எஃகு, 500 டிகிரி சூடேறினால் வளர்வதே 0.3 மி.மீ. வேகம் கூட்டியதும் இறக்கை உடனே நீளும், இறக்கைகளைத் தாங்கும் கனத்த வட்டு நிதானமாகத்தான் சூடேறும். இடைவெளி மாறிக்கொண்டே இருக்கும். அதனால்தான் பல பயணிகள் விமானங்களில், உயரத்தில் சீராகப் பறக்கும்போது, டர்பைன் கூட்டின்மேல் குளிர்ந்த காற்றை ஊதி அதைச் சுருக்குகிறார்கள்.

எனக்கு எதிரி கடலூர் வெயில். மதியம் மாடியில் ஓட்டினேன். மெழுகு இளகி அடிப்பக்கம் வழிந்து உரசியது. இப்போதைக்குச் சோதனை காலை ஏழு மணிக்கு முன்பு மட்டும்.