33-ஆம் எண் கார்வெட்

பிரான்ஸில் நடந்த 2023 லெமான் 24 மணி நேரக் கார் பந்தயம் என்றாலே எல்லாரும் ஃபெராரியைத்தான் சொல்வார்கள். 50 ஆண்டுக்குப் பிறகு முதன்மைப் பிரிவுக்குத் திரும்பி வந்து ஜெயித்தது பெரிய விஷயம்தான். லெமானும் சேர்ந்த உலக எண்டியூரன்ஸ் (நீண்டநேரப் பந்தய) சாம்பியன்ஷிப்பின் அந்த சீசனில் மற்ற ஆறு பந்தயங்களும் டொயோட்டாவுக்கே.

என் கண்ணெல்லாம் ‘ஜிடிஇ ஆம்’ (GTE Am) பிரிவின் மஞ்சள் கார்வெட் மேல்; தொழில்முறை அல்லாத ஓட்டுநரும் அணியில் இருக்க வேண்டிய, வேகம் குறைந்த பிரிவு அது. தொடக்கத்திலேயே அதிர்வைத் தாங்கும் டேம்பர் பழுதாகி, பழுது பார்க்கும் பிட்டில் நின்று, இரண்டு சுற்று போச்சு. எனக்கு டிவியை அணைக்க மனம் வரவில்லை. அதை ஓட்டியவர்களில் ஒருவரான பென் கீட்டிங் தொழில்முறை ஓட்டுநர் அல்ல, டெக்சாஸில் கார் விற்பவர். பின்னாலிருந்து முதன்மைப் பிரிவின் ஹைப்பர்கார்கள் சீறி வர, வழிவிட்டுக்கொண்டே தன் வேகத்தையும் விடாமல் ஓட்டுவது லேசுப்பட்டதா? அந்தக் காரை மாறி மாறி ஓட்டிய கீட்டிங், கேட்ஸ்பர்க், வரோனே மூவரும் அந்த இரண்டு சுற்றையும் மீட்டுப் பிரிவில் முதலிடம் பிடித்தார்கள். ஞாயிறு மாலை நான் அழுதேவிட்டேன். அடுத்து இத்தாலியின் மொன்சாவிலேயே, இரண்டு பந்தயம் மிச்சமிருக்க, அந்தப் பிரிவின் சீசன் பட்டமும் அவர்களுக்கு உறுதியானது.