33சி காகிதங்கள்

மார்ச் 6, 2023
கலெக்டர் ஆபீஸில் மனு நாள் கூட்டம். அப்பாவுக்கு மில் தர வேண்டிய சம்பள பாக்கியை வசூலிக்கச் சொல்லும் சான்றிதழைத் தேடித்தான் போனேன். வசூல் செக்ஷனில் இருந்தவர், "சான்றிதழ் வந்துடுச்சும்மா, தாலுகாவுக்கு அனுப்பியாச்சு" என்றார். எப்போது என்று விடாமல் கேட்டதும் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். எண்ணைக் குறித்துக்கொண்டேன்.

மார்ச் 7
அப்பாவுக்கு ராத்திரி முழுக்க இருமல்.

மார்ச் 10
தாலுகா ஆபீஸ். எண்ணைச் சொன்னதும்தான் கட்டைப் பிரித்துத் தேடினார்கள். இருந்தது! மில் பேரில் ஜப்தி செய்ய என்ன இருக்கிறது என்று ஆர்.ஐ.யிடம் (வருவாய் ஆய்வாளர்) அறிக்கை கேட்டிருக்கிறார்களாம். ஆர்.ஐ. வெளியே போயிருந்தார்.

மார்ச் 11
"கேஸ்தான் ஜெயிச்சாச்சே, இன்னும் என்னடி?" என்று சித்தி கேட்கிறாள். எத்தனை பேருக்குத்தான் சொல்வது. அவார்டு, அதாவது லேபர் கோர்ட் தீர்ப்பு, வெளியாகி 30 நாள் ஆனால் அமலுக்கு வந்துவிடும், சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் லேபர் கோர்ட் போய் யாருடைய பெட்டியையும் திறக்காது. நாம் தொழிலாளர் துறைக்கு எழுத வேண்டும். அங்கிருந்து கலெக்டருக்கு, அவரிடமிருந்து தாசில்தாருக்கு. நிலவரி பாக்கி மாதிரி வசூலிக்க வேண்டும் என்கிறது தொழில் தகராறு சட்டத்தின் 33சி பிரிவு. அவார்டை மீறினால் 29-ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை ஜெயில் உண்டு. அந்தப் புகாரை நான் கொடுக்க முடியாது, அரசு கொடுக்க வேண்டும், இல்லை அரசு அனுமதி தர வேண்டும். உழைத்தவன் காசுக்கு இத்தனை கதவா? சிவில் கோர்ட்டுக்கு அனுப்பி டிக்ரி போல நிறைவேற்றவும் 2010-இல் வழி செய்தார்கள். அங்கேயும் சொத்தைக் காட்ட வேண்டியது நாம்தான் என்கிறார் யூனியன் தோழர்.

மார்ச் 14
மில் கேட்டில் பாங்க் நோட்டீஸ். நிலம், கட்டடம், மெஷின் எல்லாமே அடமானம். அப்புறம் ஆர்.ஐ. எதை ஜப்தி செய்வார்?

மார்ச் 15
வக்கீல் அக்காவிடம் கேட்டேன். கம்பெனி லிக்விடேஷனுக்குப் போனால், அதாவது கம்பெனியைக் கலைத்துச் சொத்தை விற்றுக் கடனை அடைத்தால், அதற்கு முந்தைய 24 மாதச் சம்பள பாக்கிக்கு அடமானக் கடன் கொடுத்த பாங்குக்குச் சமமான இடம் உண்டாம். அப்பாவின் பாக்கி 2014 முதல் 2019 வரைக்குமானது, அந்த 24 மாதத்துக்குள் வராது. லிக்விடேஷன் இல்லாமல் பாங்கே ஏலம் விட்டால் என்ன என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சீக்கிரம் ஜப்தி பண்ண வைம்மா" என்றார்.

மார்ச் 18
மில்லில் நூல் நூற்கும் ரிங் பிரேம் மெஷின்களைக் கழற்றுகிறார்கள் என்று போன் வந்து ஓடினேன். லாரியில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். ஒரு ஓரம் விலகி ஸ்பிண்டில் வரிசை தெரிந்தது, பஞ்சு ஒட்டியபடியே. லாரி நம்பரோடு போட்டோ எடுத்துக்கொண்டேன். வாட்ச்மேன் தடுக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார்: "பதினாலாம் நம்பர் போயிருச்சா கண்ணு?" அவர் சைடராக நின்று நூல் அறுந்தால் ஒட்டிப் பார்த்துக்கொண்ட மெஷின். தெரியலைங்கப்பா என்றேன்.

மார்ச் 20
போட்டோக்களோடு மனு. "அதெல்லாம் பாங்க்காரங்க பார்த்துக்குவாங்க" என்றார் ஆர்.ஐ. இன்றைக்கு அழுதேன். கோபத்தில்.

மார்ச் 21
லாரி சத்தம் கேட்டாலே எழுந்துவிடுகிறேன்.

மார்ச் 24
பழைய டைம் ஆபீஸ் அண்ணன் ஒரு விஷயம் சொன்னார். ஊருக்கு வெளியே கம்பெனி பேரில் பஞ்சு குடோன் ஒன்று இருக்கிறதாம். சர்வே எண்ணும் கொடுத்தார். ராத்திரியே ஈ.சி. (வில்லங்கச் சான்று) போட்டுப் பார்த்தேன். அடமானம் எதுவும் பதிவாகவில்லை. திரும்பவும் பார்த்தேன். இல்லை!

மார்ச் 27
சர்வே எண், ஈ.சி. இரண்டையும் வைத்து மனு கொடுத்து, நகலில் சீல் வாங்கிவிட்டேன். ஆர்.ஐ. இந்த முறை உட்காரச் சொல்லிப் படித்தார். பட்டா இன்னும் கம்பெனி பேரில்தான் இருக்கிறதா என்று வி.ஏ.ஓ.விடம் கேட்டுவிட்டு, நாளைக்குக் குடோனுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அப்பாவும் வருவேன் என்கிறார்.