தூர்வாரியும் ஊருணி நிரம்பவில்லையா?

கோடை வந்தால் காரைக்குடி வட்டாரத்தில் ஜேசிபி சத்தம் ஆரம்பித்துவிடும். ஊருணியைத் தூர்வாரி, சுற்றிலும் சிமெண்ட் சுவர் எழுப்பி, வர்ணம் அடித்துவிடுவார்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஓய்ந்த பிறகும் உள்ளே முழங்கால் தண்ணீர்தான் நிற்கும். மழை பத்தவில்லை என்று பேச்சு வரும். எனக்கென்னவோ மழையைக் குறை சொல்ல மனசு வருவதில்லை.

கணக்கு இதுதான். ஒரு ஏக்கரில் 10 மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது சுமார் 40,000 லிட்டர். அதில் எவ்வளவு ஊருணிக்கு வந்து சேரும் என்பதை, மழைத்தண்ணீரை மேட்டிலிருந்து கொண்டுவரும் வாய்க்காலான வரத்துக்கால்தான் முடிவு செய்கிறது. புதிதாக உயர்த்திப் போட்ட ரோட்டுக்கு அடியில் குழாய் பதிக்காமல் விட்டாலே போதும், கதை முடிந்தது. நல்ல மழை கொட்டும்போது குடையோடு ஊருணியிலிருந்து மேடு நோக்கி வரத்துக்காலை ஒட்டி நடந்து பாருங்கள். தண்ணீர் எங்கே திசை மாறுகிறது என்று கண்ணாலேயே தெரிந்துவிடும்.

வரத்துப் பகுதி மொட்டைப் பொட்டலாக இருந்தால் தண்ணீர் வேகமாக வரும், கூடவே செம்மண்ணையும் அள்ளிக்கொண்டு வரும். புல் மூடிய தரையில் வரத்து கொஞ்சம் குறையும், ஆனால் தெளிந்து வரும். கோயில் காடு இருந்தால் கதையே வேறு. வீரை, பாலை, காசான் மரங்களின் சருகு மெத்தை மழைத்துளியின் அடியைத் தாங்கிக்கொள்ள, தண்ணீர் மெதுவாக மண்ணுக்குள் இறங்கும். அது ஊருணிக்கு நேராக வராது; பக்கத்துக் கிணறுகளில் கோடையில் ஊறும். ஊருக்கு இரண்டும் வேண்டும்.

தூர்வாரும்போது நடக்கும் பெரிய தவறு ஆழம். மேலே படிந்த வண்டலை மட்டும்தான் எடுக்க வேண்டும். அதற்கடியில் உள்ள களிதான் தண்ணீரைத் தாங்குகிறது. ஈரமண்ணை எடுத்துப் பென்சில் கனத்துக்கு உருட்டி வளையமாக வளைத்துப் பாருங்கள். உடையாமல் வளைந்தால் களி வந்துவிட்டது, அதோடு நிறுத்திவிடலாம். சிவந்த சரளை தட்டுப்பட்டால் களியை உடைத்தாயிற்று, இனி தண்ணீர் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். அப்படி ஆகிவிட்டால் கண்மாய்க் களியைக் கொண்டுவந்து, அரையடி அரையடியாகப் பரப்பி, லேசாக நனைத்து, ஒவ்வொரு அடுக்கையும் திமிசு (மண்ணை இடித்து இறுக்கும் கட்டை) போட்டு இறுக்க வேண்டும்.

தண்ணீர் நுழையும் வாயில் உள்ள கோரையை 'அசிங்கம்' என்று வழிக்காதீர்கள். அது ஓட்டத்தைத் தணித்து மண்ணை அங்கேயே படிய வைக்கிறது. தண்ணீருக்குள் வளரும் தும்பிக் குஞ்சுகள் கொசுப்புழுவைத் தின்னும். இறக்கை விரிக்கும் நேரத்தில் அந்தக் கோரைத் தண்டில்தான் ஏறி வரும். நாலு பக்கமும் செங்குத்துச் சுவராக்கி, கோரையையும் பிடுங்கிவிட்டால் தும்பி போய்விடும், கொசு மட்டும் மிஞ்சும். ஆகாயத்தாமரையை மட்டும் தயவு தாட்சண்யம் இல்லாமல் அள்ளி எறியலாம்.

சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடிக் கண்மாய்களில் கூடு கட்டும் பறவைகளுக்காகக் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. 1977 முதல் அது சரணாலயம். பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம். குடிக்கிற ஊருணிக்கு அது ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கரையில் சீமைக்கருவேலம் இருந்தால் தரையோடு வெட்டுவது வீண் வேலை, மறுமழைக்கே நாலு கிளையாகத் துளிர்க்கும். ஒரு அடி ஆழம் தோண்டி வேர்முண்டோடு எடுக்க வேண்டும். எடுத்த குழியைக் களியால் இடித்து மூடாவிட்டால் கரை அங்கேதான் அரிக்கத் தொடங்கும்.