ஆறு கிராம் பொடியும் முந்நூறு மில்லி தண்ணீரும்

சீட்டில் ‘ரிபாவிரின்’ என்று வைரஸ் எதிர்ப்பு மருந்தின் பெயரை மட்டும் எழுதி ஆளை அனுப்பினால் 200 மில்லிகிராம் கேப்ஸ்யூல்தான் வரும். அப்படித்தான் வந்தது. எங்களிடம் சிகிச்சைக்கு வந்த ஒரு குழந்தையின் அப்பா கடலூரில் நாலு கடை, புதுச்சேரி நேரு வீதியில் இரண்டு கடை ஏறி இறங்கி, கடைசியில் ஓர் அட்டை கேப்ஸ்யூலோடு வந்து நின்றார். அது ஹெபடைடிஸ் சி நோய்க்குப் பெரியவர்கள் விழுங்குவது. அதை உடைத்துக் கரைத்து நெபுலைசரில் ஊற்றினால் என்ன என்று கேட்டவர் யாரோ விவரம் தெரியாத உறவினர் இல்லை, எங்களோடு டியூட்டியில் இருந்தவர். கேப்ஸ்யூலுக்குள் மருந்தோடு நிரப்புப் பொடிகளும் இருக்கும், அது ஸ்டெரைலும் இல்லை. எட்டு மாதக் குழந்தையின் நுரையீரலுக்குள் அனுப்பக்கூடிய பொருளே அல்ல அது.

மூச்சுவழி ரிபாவிரின் வேறு சரக்கு. கண்ணாடி வையலில் 6 கிராம் ஸ்டெரைல் பொடி. ஆர்.எஸ்.வி. வைரஸ் நுரையீரலைக் கடுமையாகத் தாக்கி அட்மிட் ஆகும் குழந்தைகளுக்கென்று அமெரிக்காவில் 1985-இல் அனுமதி பெற்றது. மழை மாதங்களில் மூச்சிரைப்போடு வரும் எல்லாக் குழந்தைக்கும் இது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்களில் பெரும்பாலோருக்கு மூக்கைச் சுத்தம் செய்வது, தேவையான ஆக்ஸிஜன், போதுமான பால் அல்லது டிரிப், இவ்வளவே வைத்தியம். இந்தக் குழந்தைக்குப் பிறவியிலேயே நோய் எதிர்ப்புச் சக்தி கிடையாது, எலும்பு மஜ்ஜை மாற்றுக்குக் காத்திருந்தது. அதனால்தான் மருந்தை முன்கூட்டியே வாங்கி வைக்கச் சொல்லியிருந்தார்கள்.

வாங்குவதற்கு வழி, சொந்த உபயோகத்துக்கான இறக்குமதி அனுமதி. படிவம் 12ஏ-வில் விண்ணப்பம், 12பி-யில் அனுமதி. முதல் முறை திரும்பி வந்தது. காரணம் மறுபடியும் அதே சீட்டு. மருந்தின் பெயர் இருந்தது, எந்த வடிவம், எத்தனை வையல் என்பது இல்லை. “மூச்சுவழி கரைசலுக்கான பொடி, 6 கிராம் வையல், நாளுக்கு ஒன்று, ஐந்து நாள்” என்று டாக்டர் கையெழுத்தோடு எழுதிக் கொடுத்த பிறகுதான் நகர்ந்தது. ஒரு மருந்தை நூறு சராசரி டோஸுக்கு மேல் இப்படிச் சாதாரணமாகக் கொண்டுவர முடியாது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் வந்த பிறகு இந்த வேலையைத் தொடங்கினால் பயனில்லை. மருந்து வேலை செய்வதே நோயின் ஆரம்ப நாட்களில்தான், பேப்பர் அதைவிட மெதுவாக நடக்கும்.

ஐப்பசி மழையில் குழந்தைக்குச் சளி பிடித்தது. மூக்கு ஸ்வாபில் ஆர்.எஸ்.வி. உறுதியானது. அதன் பிறகு எங்கள் தலைவலி.

பொடி இருந்தால் போதாது, அதற்கென்றே உள்ள ஸ்பாக்-2 கருவி வேண்டும். கடனாக வந்தது. சாதாரண நெபுலைசர் பெரிதும் சிறிதுமாக ஈரத்துளிகளைத் துப்பும், பாதி மூக்கிலும் தொண்டையிலுமே தங்கிவிடும். ஸ்பாக் கருவியில் துளிகள் ஒரு உலர் அறை வழியாகப் போய், ஏறக்குறைய ஒரு மைக்ரான் அளவுள்ள துகளாகச் சுருங்கி வெளியே வரும். அவ்வளவு நுண்ணிய துகள்தான் குழந்தையின் கடைசி மூச்சுக்கிளை வரைக்கும் போகும். அதே காரணத்தால்தான் அது அறையெங்கும் மிதந்து நம் மூச்சிலும் ஏறும். இந்த மருந்தின் சிக்கல் அத்தனைக்கும் வேர் இந்த ஒரே விஷயம்.

கருவி வந்த அன்று அரை நாள் வீணாகப் போனது ஒரு குழாய் முனையால். அதன் காற்றுக்குழாய் நம் சுவர் அவுட்லெட்டில் பொருந்தவில்லை. பயோமெடிக்கல் ஆள் இணைப்பு தேடி வருவதற்குள் மாலையாகிவிட்டது. கடன் கருவி என்றால் முனையைப் போட்டோ எடுத்து முன்னாடியே அனுப்பச் சொல்லுங்கள்.

வாயுக் கணக்கையும் யாரும் போட்டு வைத்திருக்கவில்லை. குழந்தையின் தலையை மூடும் ஹூடுக்குள் நிமிடத்துக்கு 12.5 லிட்டருக்குக் குறையாமல் போக வேண்டும். மணிக்கு 750 லிட்டர், பதினெட்டு மணி நேரத்துக்கு 13,500 லிட்டர். ஒரு ஜம்போ சிலிண்டரில் இருப்பது 7,000 லிட்டர். சுவர் சப்ளை நின்றால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ இரண்டு ஜம்போ. நள்ளிரவில் சிலிண்டர்களை இணைத்து வைத்திருக்கும் மேனிஃபோல்டு அறையிலிருந்து “சிஸ்டர், பிரஷர் இறங்குது” என்று போன் வந்த பிறகு போட்ட கணக்கு இது. பகலிலேயே போட்டிருக்கலாம்.

அடுத்தது தண்ணீர். சிரிக்காதீர்கள். 6 கிராம் பொடியை வையலிலேயே குறைந்தது 75 மில்லி ஸ்டெரைல் வாட்டரில் கரைக்க வேண்டும். பிறகு அதைக் கருவியின் 500 மில்லி ஃபிளாஸ்கில் ஊற்றி, மொத்தம் 300 மில்லி வரும்படி தண்ணீர் சேர்க்க வேண்டும். மில்லிக்கு 20 மில்லிகிராம். ஸ்டோரிலிருந்து வந்ததோ 10 மில்லி ஆம்பியூல்கள். முப்பது ஆம்பியூலை ஒவ்வொன்றாக உடைத்து ஒரே பாத்திரத்தில் சேர்ப்பது என்றால் முப்பது தடவை கிருமி நுழையும் வாய்ப்பு. ஸ்டோருக்கு அனுப்பும் இண்டென்டில் 100 மில்லி பாட்டில் என்றே எழுதுங்கள். லேபிளில் கிருமிநாசினிப் பொருள் சேர்க்காதது என்று இருக்கிறதா என ஒருவர் வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் பார்க்க வேண்டும். நார்மல் சலைனில் கரைக்கக் கூடாது. வேறெந்த நெபுலைசர் மருந்தையும் இதோடு கலக்கக் கூடாது, ஒரே நேரத்தில் கொடுக்கவும் கூடாது. கரைசலில் நிறமோ துகளோ தெரிந்தால் கொட்டிவிடுங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. ஃபிளாஸ்கில் மட்டம் குறைந்ததும் மிச்சத்தின் மேலேயே புதியதை ஊற்றும் பழக்கம் நம் வார்டுகளில் உண்டு. இங்கே அது ஆகாது. பழையதைக் கொட்டிவிட்டுத்தான் புதியது. நீர் வற்ற வற்ற மிச்சம் கெட்டிப்பட்டுக்கொண்டே போகும், செறிவு கணக்கில் நிற்காது.

அறைதான் எங்களை உண்மையில் தோற்கடித்தது. தனி அறை, கதவு மூடுகிறது, ஏ.சி. ஓடுகிறது, போதும் என்று எல்லாரும் நினைத்தோம். ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது, உள்காற்றை வெளியே தள்ளாது. அறையில் இருப்பதையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கும். அதாவது மிதக்கிற மருந்தைத் திரும்பத் திரும்ப நம் முகத்தில் வீசும். சரி, எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்றால், அது திறந்தது நடைபாதைப் பக்கம். இரண்டாம் நாள் நர்சிங் ஸ்டேஷனில் இருந்தவர்களுக்குக் கண் எரிச்சலும் தலைவலியும் வந்த பிறகே யாரோ எழுந்து போய் ஃபேன் எங்கே ஊதுகிறது என்று பார்த்தார்கள்.

இந்த மருந்து ஓடும் அறையில் காற்று வெளியிலிருந்து உள்ளே இழுக்கப்பட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத பக்கம் வெளியேற வேண்டும். சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். கதவை ஒரு விரற்கடை திறந்து, கீழே ஒரு டிஷ்யூ பேப்பரைப் பிடியுங்கள். பேப்பர் உள்நோக்கிச் சாய்ந்தால் சரி. வெளிப்பக்கம் பறந்தால் மருந்து வராந்தாவுக்குப் போகிறது என்று அர்த்தம். மூன்றாம் நாள் ஃபேனை வெளிச்சுவருக்கு மாற்றினோம். ஹூடின் மேல் இன்னொரு கூடாரம் போட்டு, இரண்டுக்கும் இடையிலிருந்து வடிகட்டி வைத்த உறிஞ்சுகுழாயால் காற்றை இழுத்தோம். எரிச்சல் அன்றே குறைந்தது.

ஆட்கள் விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். விலங்குகளில் இந்த மருந்து கருவைச் சிதைத்திருக்கிறது, கர்ப்பிணிகள் அந்த அறைக்குள் போகவே கூடாது. டியூட்டி லிஸ்ட் போட்டவருக்கு இது தெரியும். ஆனால் வயிறு தெரிகிறவர்களை மட்டும்தான் எடுத்திருந்தார். நாள் தள்ளிப் போய் இன்னும் யாரிடமும் சொல்லாதவர்கள், கர்ப்பத்துக்கு முயன்றுகொண்டிருப்பவர்கள், இவர்கள் கணக்கில் வரவில்லை. காரணம் கேட்காமல் “எனக்கு வேண்டாம்” என்றால் மாற்றிவிடுவது என்று ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், யாரும் சங்கடப்பட மாட்டார்கள். குழந்தையின் அம்மாவிடமும் கேட்க வேண்டும், மாமியார் பக்கத்தில் நிற்கும்போது அல்ல, தனியாக. கூட்டுகிற அக்காவையும், எக்ஸ்ரே எடுக்க வருகிறவரையும் மறந்துவிடுகிறோம். கதவிலேயே தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுவது நல்லது.

கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு உள்ளே போகாதீர்கள், துகள் லென்ஸில் படிந்து அதைக் கெடுக்கும். மூடிய கண்ணாடி, கையுறை, கவுன், முகத்தோடு பொருந்திய என்95. பச்சை சர்ஜிக்கல் மாஸ்க்கின் ஓரங்களில் இந்தத் துகள் தாராளமாக நுழையும்.

தினமும் 12 முதல் 18 மணி நேரம், 3 முதல் 7 நாள் என்பது கொடுக்கும் முறை. முதல் நாள் மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கிக் காலை எட்டுக்கு நிறுத்துவதாக டாக்டர் எழுதினார். இரண்டும் ஷிஃப்ட் மாறும் நேரம். யார் தொடங்கினார், எப்போது நிறுத்தினார் என்று சார்ட்டில் இரண்டு கையெழுத்து, இரண்டு நேரம். மூன்று மணி முதல் காலை ஒன்பது வரை என்று மாற்றியதும் குழப்பம் நின்றது. ரவுண்ட்ஸ், பாலூட்டல், உடம்பு துடைத்தல், அம்மா மடியில் வைத்துக்கொள்வது எல்லாம் இடையில் கிடைக்கும் ஆறு மணி நேரத்துக்குள். ஹூடைத் திறக்கும் முன் கருவியை நிறுத்தி 5 முதல் 10 நிமிடம் காத்திருக்க வேண்டும். அவசரத்தில் எல்லாரும் மீறுவது இந்த விதியைத்தான். மூடியைத் தூக்கியதும் வெள்ளைப் புகை முகத்தில் அடிக்கும், அடுத்த முறை மீற மாட்டார்கள்.

தொடங்கிய முதல் மணி நேரம் குழந்தையை விட்டு நகராதீர்கள். மூச்சுக்குழாய் இறுகி ஆக்ஸிஜன் அளவு சட்டென்று இறங்கலாம். இறங்கினால் மருந்தை நிறுத்திவிட்டுத்தான் மற்றது. இமையோரம் படியும் வெள்ளைப் பொடியை ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கண் சிவந்துவிடும்.

மூன்றாம் நாள் இரவு குழந்தையை வென்டிலேட்டரில் போட வேண்டி வந்தது. அதற்குப் பிறகு இந்த மருந்தைத் தொடர்வது தனிப் பழக்கம் உள்ளவர்கள் செய்ய வேண்டிய வேலை. துகள் குழாய்க்குள்ளும் வால்விலும் உப்புப் போலப் படியும். வெளிமூச்சு வழி அடைபட்டால் காற்று உள்ளே போகும், வெளியே வராது, நுரையீரல் ஊதிக்கொண்டே போகும். இரண்டு மணிக்கு அழுத்த அலாரம் அடித்தது. சளி அடைப்பு என்று நினைத்து உறிஞ்சிப் பார்த்தார்கள், அலாரம் நிற்கவில்லை. வெளிமூச்சுப் பக்க ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தால் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாக இறுகிக் கிடந்தது. ‘தேவைப்படும்போது மாற்றவும்’ என்று எழுதி வைத்ததன் பலன். இரண்டு ஃபில்டர் வரிசையாக, நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, அடைத்தாலும் அடைக்காவிட்டாலும் மாற்றுங்கள். சூடேற்றும் கம்பி உள்ள குழாய் போடுங்கள். மூச்சுக்குழாயை ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை உறிஞ்சுங்கள். அழுத்த அளவுகளை அலாரத்துக்குக் காத்திராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுதுங்கள். ஐந்து நாளுக்கு எத்தனை ஃபில்டர் என்று முதல் நாளே எண்ணி வாங்குங்கள். எங்களுக்கு நான்காம் நாள் தீர்ந்துவிட்டது, கடலூர் சாலையில் தண்ணீர் நின்ற இரவில் ஒருவர் பைக்கில் போய் வாங்கி வந்தார்.

இடையில் இன்னொரு கேள்வியும் வந்தது. ஃப்ளூவுக்கு மூச்சில் இழுக்கும் பொடி மருந்து இருக்கிறதே, ஜனாமிவிர், அதைப் பக்கத்துப் படுக்கைக் குழந்தைக்குக் கரைத்துக் கொடுக்கலாமா என்று. கொடுக்கவே கூடாது. அந்தப் பொடியில் லாக்டோஸ் இருக்கிறது, கரைத்து நெபுலைசரில் விட்டால் வென்டிலேட்டர் அடைத்துக்கொள்ளும். கைக்குழந்தைக்கு அந்த இன்ஹேலர் பயன்படவும் படாது. கைக்குழந்தையின் ஃப்ளூவுக்கு வாய்வழி ஓசெல்டாமிவிர் சிரப் இருக்கிறது. அதிலும் மில்லிக்கு 6 மில்லிகிராம், 12 மில்லிகிராம் என்று இரண்டு செறிவு உண்டு. சீட்டில் மில்லிகிராமும் மில்லியும் இரண்டுமே எழுதியிருக்கிறதா என்று பார்த்த பிறகு ஊற்றுங்கள்.

ஐந்தாம் நாள் மருந்து முடிந்தது. அடுத்த வாரம் குழந்தை குழாயிலிருந்து விடுபட்டது.

சுத்தம் செய்வதில் ஒரு வார்த்தை. துடைப்பம் எடுக்காதீர்கள், படுக்கை விரிப்பை உதறாதீர்கள், எழும்பும் தூசி மருந்துதான். ஈரத் துணியால் மேலிருந்து கீழாகத் துடைத்து, விரிப்பை உள்பக்கமாகச் சுருட்டிப் பையில் போட்டு, எதற்காக என்று எழுதி லாண்டரிக்கு அனுப்புங்கள். அறையை மூன்று முறை துடைத்துவிட்டோம் என்றுதான் இருந்தோம். எட்டு நாள் கழித்து மானிட்டரை நகர்த்தியபோது அதன் பின்பக்கக் காற்றுத் துளைகளில் வெள்ளையாகப் படிந்திருந்தது. அதையும் ஈரத் துணியால் துடைத்துவிட்டுத்தான் அடுத்த குழந்தையை அந்த அறைக்குள் விட்டோம்.