1500 மீட்டர் வேகம் வந்தால் அது பாறையா, தண்ணீரா? நில அதிர்வு களத்தேர்வுக்குச் சில குறிப்புகள்

விலகல் அலை முறையில் (தரையில் அடித்து, அடியிலுள்ள அடுக்கு வழியாக விலகி மேலே திரும்பும் அலையின் நேரத்தைக் கொண்டு ஆழம் காணும் முறை) பலர் மதிப்பெண்ணைக் கோட்டைவிடுவது கணக்கில் அல்ல, மண்ணின் ஈரத்தைக் கவனிக்காமல் விடுவதில்தான்.

காய்ந்த தளர்மண்ணில் பி அலை (மண்ணை அமுக்கி விரித்துச் செல்லும் அலை) நொடிக்கு 200 முதல் 500 மீட்டர் வரை போகும். துளைகள் முழுக்க நீர் நிறைந்தால் 1500-ஐத் தொடும். சிதைந்த பாறையின் வேகமும் ஏறக்குறைய அங்கேதான் தொடங்குகிறது என்பதால் குழப்பம். இந்த ஏற்றம் படிப்படியாக வருவதில்லை. துளைகளில் ஒன்றிரண்டு சதவீதம் காற்று மிஞ்சினாலே வேகம் சரிந்துவிடும். காற்று அவ்வளவு எளிதில் அமுங்கும். 'மண் ஈரம், ஆகவே 1500' என்று எழுதிவிடாதீர்கள்.

தீர்க்கும் வழி எஸ் அலை, அதாவது மண்ணைக் குறுக்கே ஆட்டிச் செல்லும் சறுக்கு அலை. நீருக்குச் சறுக்கு விசையைத் தாங்கும் திறன் இல்லை என்பதால் நீர்மட்டத்தில் எஸ் வேகம் தாவாது. பி மட்டும் தாவினால் நீர், இரண்டும் தாவினால் பாறை. மரப்பலகை மேல் வண்டியை ஏற்றி நிறுத்தி, இரு முனைகளிலும் மாறி மாறி அடித்து, கிடைமட்ட ஜியோபோனில் (தரையின் பக்கவாட்டு அதிர்வை உணரும் கருவி) பதியுங்கள். எஸ் அலை திசை மாற்றிக் காட்டும். பக்கத்தில் கிணறு இருந்தால் முதலில் நீர்மட்டத்தை அளந்துவிடுங்கள். அதைவிட மலிவான சான்று கிடையாது.

கணக்கில் ஒரு பொறி. வெட்டுத் தூரம் (மேல் மண் வழியாக வரும் நேரடி அலையைக் கீழ் அடுக்கு வழியாக வரும் அலை எட்டிப்பிடிக்கும் தூரம்) 10 மீட்டர், கீழ் அடுக்கு 1500 என்றால், மேல் மண் 300-க்கு ஆழம் 4.1 மீட்டர், மேல் மண்ணை 500 என்று பிழையாக எடுத்தால் 3.5. அதனால் மேல் மண்ணின் வேகத்துக்கு அடிக்கும் இடத்தருகே ஜியோபோன்களை நெருக்கி, 1 மீட்டருக்கு ஒன்றாக வையுங்கள். இன்னொன்று: காற்றில் ஒலி நொடிக்கு சுமார் 340 மீட்டர். மிகக் காய்ந்த மண்ணில் சம்மட்டிச் சத்தம் நேரடி அலையை முந்திவிடும். அதையே முதல் வருகையாகக் குறித்துவிடுவது வழக்கமான பிழை.

கோடையில் கரிசல் பிளந்து கிடக்கும். வெடிப்பு விளிம்பில் ஊன்றிய ஜியோபோன் ஆடும். மேல் மண்ணை ஒரு சாண் சுரண்டிவிட்டு, கொஞ்சம் நீர் ஊற்றி, முளையை நேராக அழுத்துங்கள். மழைக்குப் பின் சிக்கல் தலைகீழ்: அடிதட்டு (சம்மட்டி அடி விழும் தகடு) சேற்றில் புதையும், ஒவ்வொரு அடிக்கும் அலை வடிவம் மாறும், பல அடிகளின் பதிவைக் கூட்டிய ஸ்டாக் மங்கும். நாலைந்து அடிக்கு ஒருமுறை தட்டை அரையடி நகர்த்துங்கள். கேபிள் இணைப்பில் ஈரம் புகுந்தால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஏறும். துடைத்து, உலர்த்தி, பாலித்தீனால் சுற்றுங்கள். ஃபில்டரை நம்பி விட்டுவிட வேண்டாம்.

ஒரே இடத்தில் இருமுறை அளந்து ஒப்பிடச் சொன்னால், மேல் 2 மீட்டர் மண் நீர் நிறைந்து 300-இலிருந்து 1500 ஆனாலே செங்குத்துப் பயண நேரம் 5.3 மில்லிநொடி குறையும். ஆழத்தில் ஏதோ மாறிவிட்டதாக எழுதும் முன் இந்தத் திருத்தத்தைப் போடுங்கள். களக்குறிப்பேட்டில் கடைசியாக மழை பெய்த தேதியையும் பாசனம் நடந்ததா என்பதையும் எழுதி வையுங்கள்.