வேரியோவிலிருந்து சிபி500எக்ஸுக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட்டில் பெரிய மோட்டார் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினால் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "டீச்சர், எவ்வளவு போகும்?" சாப்பாட்டுக் கடை அண்ணன் கேட்டார், பள்ளிக்கூடத்துக் காவலர் கேட்டார், என் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் கேட்காத வாரமில்லை. எவ்வளவு மெதுவாகப் போகும் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. நான் மெனக்கெட்டுப் பழகியதெல்லாம் அதைத்தான்.

இதுவரை ஓட்டியது ஹோண்டா வேரியோ 160. சுமார் 115 கிலோ. அதே கம்பெனியின் சிபி500எக்ஸ், பழைய வண்டியாகப் பார்த்து வாங்கினேன். 471 சிசி, இரட்டை சிலிண்டர், பெட்ரோல் நிரப்பினால் ஏறக்குறைய 200 கிலோ. புதிதாக வாங்குகிறவர்களுக்கு இப்போது இதையே என்எக்ஸ்500 என்று பெயர் மாற்றி விற்கிறார்கள்.

காரணம் தங்கைதான். கோத்தா பாருவில் தாதியாக இருக்கிறாள். இங்கிருந்து கோலகங்சார், லெங்கோங், கிரிக், அப்புறம் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் ஏறி ஜெலியில் இறங்க வேண்டும். வேரியோவிலும் போயிருக்கிறேன், போக முடியாது என்று சொன்னால் பொய். ஆனால் கிரிக் தாண்டியதும் மேட்டில் திராட்டலை (ஆக்சிலரேட்டரை) முழுக்கத் திருகியே வைத்திருக்க வேண்டும். எதிரே மர லாரி வந்தால் அதன் காற்று ஸ்கூட்டரை ஓரத்துக்குத் தள்ளும். 14 இஞ்ச் சக்கரம் ஒவ்வொரு குழியையும் அப்படியே முதுகெலும்புக்கு அனுப்பும். போய்ச் சேர்ந்தால் தங்கையோடு பேசத் தெம்பு இருக்காது.

லைசென்ஸ் முதல் வேலை. நம்மில் பலரிடம் இருக்கும் பி2 லைசென்ஸ் 250 சிசி வரைதான் செல்லும். அதற்கு மேல் ஓட்ட பி லைசென்ஸ் எடுக்க மறுபடியும் ஓட்டுநர் பள்ளி, மறுபடியும் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) தேர்வு. ரோட் டாக்ஸ் 30 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 100 வெள்ளியாக ஏறியது. அது பெரிய விஷயமில்லை.

பெரிய விஷயம் என் உயரம். ஐந்தடி இரண்டங்குலம். வேரியோவின் சீட் 78 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும், இதில் 83. இரண்டு காலையும் ஊன்ற நினைத்தால் இரண்டும் நுனிவிரலில்தான் நிற்கும். பயிற்சி கொடுத்த அண்ணன் வழி சொன்னார்: சீட்டில் இடப்பக்கம் கொஞ்சம் நகர்ந்து இடது காலை முழுதாக ஊன்று, வலது கால் பின் பிரேக்கை விட்டு வரக்கூடாது. அதனால் நிறுத்துவதற்கு முன்பே தரையைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. தோட்டத்துச் சாலையில் இது ரொம்ப முக்கியம். பழ லாரி போன பிறகு வளைவில் உதிரிச் செம்பனைப் பழங்கள் சிதறிக் கிடக்கும். சக்கரத்தில் நசுங்கினால் எண்ணெய், காலுக்கடியில் உருண்டால் அதோ கதிதான்.

அடுத்தது, ஊர்ந்து திரும்புவது. ஸ்கூட்டரில் திராட்டலை மூடினால் உள்ளே இருக்கும் தானியங்கி கிளட்ச் தானாகவே விட்டுவிடும். பின்சக்கரத்துக்கு விசை போகாது, வண்டி ஆடும், உடனே காலை ஊன்றுவோம். இலேசான வண்டி, மன்னித்துவிடும். 200 கிலோ மன்னிக்காது. இதில் கிளட்சைப் பாதி பிடித்து, என்ஜினைக் கொஞ்சம் ஓடவிட்டு, பின் பிரேக்கை மெல்ல அழுத்த வேண்டும். என்ஜின் முன்னே தள்ள, பிரேக் பின்னே இழுக்க, நடுவில் வண்டி நிமிர்ந்து நிற்கும். ஹேண்டிலைத் திருப்பியிருக்கும்போது முன் பிரேக்கை மட்டும் தொடவே கூடாது. "டீச்சர், கீழே பார்க்காதீங்க, போற இடத்தைப் பாருங்க" என்று அந்த அண்ணன் கத்திக்கொண்டே இருந்தார். தேர்வில் வரும் குறுகலான பாலத்தில் நூல் பிடித்ததுபோல் போய்விட்டேன், ஆனால் கோவில் வாசலில் யூ டர்ன் அடிக்கும்போது இன்னமும் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

இந்தப் பாடெல்லாம் எதற்கு என்றால், லெங்கோங் போகும் வழியில் ரபான் ஏரிப் பாலத்தில் ஏறிப் பாருங்கள். ஆறாவது கியரில் 90இல் போனால் என்ஜின் இருப்பதே தெரியாது. லாரிக் காற்று வந்து மோதும், வண்டி அசையாது. முன்சக்கரம் 19 இஞ்ச், குழியில் விழுந்தாலும் எழுந்து வந்துவிடும். இறக்கத்தில் மூன்றாவது கியருக்கு இறக்கினால் என்ஜினே பாதி பிரேக் வேலையைச் செய்கிறது, அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. டேங்க் 17 லிட்டருக்கு மேல் கொள்ளும். இருந்தாலும் கிரிக்கில் ஊற்றிக்கொள்ளாமல் மலையேற மாட்டேன்.

அந்த மலைச்சாலையில் யானை வரும் என்று பலகை வைத்திருக்கிறார்களே, அது அலங்காரத்துக்கு இல்லை. கண்டால் தூரத்திலேயே நிறுத்திவிட வேண்டும், ஹாரன் அடிக்கக்கூடாது. இருட்டுவதற்குள் ஜெலியில் இறங்கிவிடுவது என் கணக்கு. 47 குதிரைசக்தி அங்கே எதற்கும் ஆகாது.

அம்மா புது வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஆபத்து, விலை, ஊர் என்ன சொல்லும், எதையும் பேசவில்லை. "ஏம்மா, கேஸ் தோங்கை இதுல எங்க வைப்ப?" என்று மட்டும் கேட்டார். வேரியோவில் கால் வைக்கும் தட்டையான இடத்தில் தோங் (கேஸ் சிலிண்டர்) கச்சிதமாக உட்காரும், பத்துக் கிலோ அரிசி மூட்டையும் அப்படித்தான். சிபியில் பின்னால் பெட்டி மாட்டினாலும் நடக்காது. அதனால் ஸ்கூட்டரை விற்கவில்லை. பள்ளிக்கும் சந்தைக்கும் அதுதான் போகிறது. சிபியின் செயினில் ஒட்டிய செம்மண்ணைத் துடைத்து எண்ணெய் போடுவது என் சனிக்கிழமை வேலை. பெல்ட்டோடு மூடிக் கிடக்கும் வேரியோவுக்கு அந்தத் தொல்லையே இல்லை என்று அம்மா வாரம் தவறாமல் சொல்லிக் காட்டுகிறார்.