பருவத்தின் முதல் ஓட்டம்

பல மாதங்கள் தார்ப்பாய்க்குள் கிடந்த படகைத் தண்ணீரில் இறக்குவதற்கு முன், வெளிப்புற எஞ்சினின் கியர் ஆயிலைத்தான் நான் முதலில் பார்ப்பேன். இம்முறை கீழ்த் திருகைத் தளர்த்தியதும் வழிந்த ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தது; சீல் தேய்ந்து உள்ளே தண்ணீர் புகுந்ததற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. சீலை மாற்றிய பின், புதிய ஆயிலைக் கீழ்த் துளை வழியாகவே செலுத்தி, மேல் துளையில் வழியும்வரை ஏற்றினேன். மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று சிக்கிக்கொள்ளும். பழைய பெட்ரோலை வடித்து, ஸ்பார்க் பிளக்குகளையும் மாற்றினேன்.

தண்ணீரில் எஞ்சினை இயக்கியபோது, குளிர்விக்கும் நீர் பீய்ச்சி அடிக்க வேண்டிய துளையிலிருந்து நூல்போலக் கசிந்தது. உடனே எஞ்சினை நிறுத்தினேன். குளிர்விக்கும் நீரை இறைக்கும் சுழலியான இம்பெல்லர் போய்விட்டதோ என்று அஞ்சினேன். மெல்லிய கம்பியால் குத்தியதும் காய்ந்த மண் உதிர்ந்து, அடுத்த முறை தாரை சீரானது.

வேகச் சோதனைதான் பொறுமையைக் கேட்டது. முழு த்ராட்டிலிலும் நிமிடத்துக்கு 4,700 சுற்றுகளுக்கு மேல் ஏறவில்லை. கையேடு கேட்பதோ 5,000 முதல் 6,000 வரை. புரொப்பல்லரின் பிட்ச்சை, அதாவது ஒரு சுற்றில் அது முன்னேற வேண்டிய கணக்குத் தூரத்தை, ஓர் அங்குலம் குறைத்தால் ஏறத்தாழ 150 முதல் 200 சுற்றுகள் கூடும் என்பதால், 13 அங்குலத்தைக் கழற்றி 11 அங்குலத்தைப் பொருத்தினேன், 5,100-ஐத் தொட்டது. ஆசை விடவில்லை. எஞ்சினின் சாய்வை நிறுத்தும் ஊசியை அடுத்த துளைக்கு மாற்றி, அதை இன்னும் சற்று வெளிப்புறமாகச் சாய்த்துப் பார்த்தேன். படகின் முகப்பு எழுந்து எழுந்து விழத் தொடங்கியதால், கரைக்குத் திரும்பி ஊசியைப் பழைய துளையிலேயே செருகிவிட்டேன்.